பிளந்த உதட்டுடன் பிறந்த குழந்தைக்குப் பாலூட்டும் முறை

உதடு பிளந்த குழந்தை ஒரு வீட்டில் பிறந்தால், கிரகணத்தன்று தாய் வெளியே வந்தாளா என்ற கேள்வியே நம் கிராமங்களில் முதலில் எழுகிறது. கிரகணத்திற்கும் இதற்கும் தொடர்பு ஏதுமில்லை. கருவுற்ற முதல் 3 மாதங்களில், முகத்தின் பகுதிகள் ஒன்றுசேராது போவதாலேயே இக்குறை உண்டாகிறது. ஏறத்தாழ 700 முதல் 1,000 குழந்தைகளுள் ஒன்றுக்கு இது நேர்கிறது. தாயைப் பழித்துக் காலம் போக்கும்போது குழந்தை பசியால் வாடுகிறது என்பதை நாம் மறத்தலாகாது. இக்குறை தானே உயிரைப் பறிப்பதில்லை. முறையாகப் பாலூட்டாமையே ஆபத்தாக முடிகிறது.

பால் குடிக்க இயலாதது ஏன்?

பம்புசெட்டின் உறிஞ்சுகுழாயில் விரிசல் இருந்தால் காற்றுப் புகுந்துவிடும்; நீர் ஏறாது. இதனை உழவர் நன்கு அறிவர். மேலண்ணம் பிளந்த குழந்தையின் நிலையும் அதுவே. அது மார்பைப் பற்றினாலும் உறிஞ்சும் விசை உண்டாவதில்லை. பால் குடிப்பதுபோல் தோன்றும், வயிறு நிறையாது. உதடு மட்டும் பிளந்திருந்தால் பெரும்பாலும் தாயிடமே குடிக்கும். மார்பு அந்த இடைவெளியை அடைத்துக்கொள்ளும். ஆதலின் வாயினுள்ளும் பிளவு உண்டா என்பதைப் பிறந்தவுடனேயே செவிலியரைக் கொண்டு அறிதல் வேண்டும்.

பாலாடையின் பயன்

அண்ணம் பிளந்த குழந்தைக்கும் தாய்ப்பாலே சிறந்த உணவு. சீம்பால் முதற்கொண்டு தூய கையால் பீய்ச்சி எடுத்து, நம் வீடுகளில் வழங்கும் பாலாடையாலோ கரண்டியாலோ புகட்டலாம். நீர் கலந்த மாட்டுப்பாலும் சர்க்கரைத் தண்ணீரும் தருதல் கூடாது.

1. குழந்தையைப் படுக்க வைக்காமல், தலை உயர்ந்திருக்குமாறு நிமிர்த்திப் பிடிக்க வேண்டும்.

2. பாலாடையின் மூக்கைப் பிளவில்லாத பக்கத்துக் கன்னத்தின் உட்புறம் வைத்துச் சிறிது சிறிதாக விட வேண்டும். ஒரு வாய் விழுங்கிய பின்னரே அடுத்தது.

3. இக்குழந்தைகள் காற்றையும் மிகுதியாக விழுங்குவதால், இடையிடையே தோளில் சாய்த்து முதுகைத் தட்டி ஏப்பம் விடச் செய்தல் வேண்டும்.

4. ஒரு வேளைக்கு அரை மணி நேரத்திற்கு மேல் ஊட்டினால் குழந்தை களைத்துவிடும். நாளொன்றுக்கு 8 முதல் 12 முறை ஊட்டலாம்.

5. ஒவ்வொரு முறையும் பாலாடையைக் கழுவிக் கொதிநீரிலிட்டு எடுக்க வேண்டும்.

மூக்கின் வழியே சிறிது பால் வருதல் இயல்பே. சற்று நிறுத்தித் துடைத்துவிட்டுத் தொடரலாம். புரையேறி உடல் நீலம் பாரித்தாலோ, சிறுநீர் குறைந்தாலோ, 2 வாரங்களில் பிறந்த எடையை எட்டாவிட்டாலோ உடனே மருத்துவரிடம் கொண்டு செல்லல் வேண்டும்.

பஞ்சாயத்தின் கடமை

உதட்டைச் சீராக்கும் அறுவை சிகிச்சை பொதுவாக 3 முதல் 6 மாதங்களிலும், அண்ணத்திற்கு 9 முதல் 18 மாதங்களிலும் செய்யப்படுகிறது. எடை குறைந்த குழந்தைக்கு அது தள்ளிப்போகும். இன்று ஊட்டும் பாலே நாளைய சிகிச்சைக்கு வழி வகுக்கிறது. 2013ஆம் ஆண்டில் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தில் இக்குறைக்கு இலவச சிகிச்சை உண்டு. இத்தகைய குழந்தை பிறந்த செய்தி எட்டியவுடன் கிராம சுகாதாரச் செவிலியரை அவ்வீட்டிற்கு அழைத்துச் செல்வதும், வாரந்தோறும் எடை பார்க்கச் செய்வதும் பஞ்சாயத்து உறுப்பினர்களின் கடமையாகும். நம் ஊரில் எந்தக் குழந்தையும் பசியால் நலியாதிருக்கச் செய்வோமாக.