கணினி மையப் பணியும் தமிழ் மாணவரும்

கல்வி வகுப்பறையின் நான்கு சுவர்களுக்குள் முடிந்துவிடுவதன்று. நூலகமும் நாட்டு நலப்பணித் திட்டமும் போலவே, கல்லூரிக் கணினி மையமும் இன்று ஒரு பயிற்சிக் களமாகும். அங்கு உதவிப் பணியாற்றும் மாணவர் பெறும் பயன் யாது? அப்பணியில் தமிழ் மாணவர்க்கு இடமுண்டா? இவ்விரு வினாக்களை இக்கட்டுரை ஆராய்கின்றது.

கேட்டறியும் பண்பு

உதவி நாடி வருவோர் பெரும்பாலும் “கணினி இயங்கவில்லை” என்று மட்டுமே கூறுவர். எது இயங்கவில்லை, எப்போது முதல், அதற்குமுன் செய்த மாற்றம் என்ன, பிற கணினியிலும் அவ்வாறே நேர்கின்றதா எனப் பொறுமையுடன் வினவி அறிதலே முதற்பாடம். எளிய காரணத்தை முதலில் ஆராய்தலும், ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்த்தலும் அடுத்த பாடங்கள். பலவற்றை ஒருங்கே மாற்றினால், பழுது நீங்கினாலும் அதன் காரணம் விளங்காது.

அமானிதம் பேணல்

பழுது நீக்க வரும் மாணவரிடம் ஆசிரியர் தம் கணினியையே ஒப்படைக்கின்றார். வினாத்தாளும் மதிப்பெண் பட்டியலும் தனிக் கடிதங்களும் அதில் இருக்கக்கூடும். நம்பி ஒப்படைக்கப்பட்டதை நாம் அமானிதம் என்கின்றோம். கடவுச்சொல்லை உரியவரே தட்டச்சுச் செய்யவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளுதல், தேவையற்ற கோப்பினைத் திறவாமை, பழுது பார்க்குமுன் கோப்புகளுக்குப் படியெடுத்து வைத்தல் ஆகியன அதனைப் பேணும் வழிகளாம்.

எழுத்தைக் காத்தல்

தமிழ் மாணவர்க்கே உரிய பணி இனித்தான் தொடங்குகின்றது. 1990களில் ஒவ்வொரு மென்பொருள் நிறுவனமும் ஆங்கில எழுத்துகளுக்குரிய இடங்களில் தமிழ் எழுத்துகளைத் தன் விருப்பப்படி அமைத்தது. எனவே அக்காலக் கோப்பினை, உரிய எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் பொருளற்ற குறிகளே தோன்றும். 1999-இல் சென்னையில் நடந்த தமிழிணையம் 99 மாநாடு தமிழ்99 விசைப்பலகைக்கு வழிவகுத்தது. 2010-இல் தமிழக அரசு ஒருங்குறியை ஏற்றது. எனினும் பழைய கோப்புகள் தாமே மாறிவிடா.

இந்நிலை நம் சமுதாயத்திற்குப் புதிதன்று. அரபுத்தமிழ் நூலின் மொழி தமிழே. எழுத்து அரபு எழுத்து. அம்முறையை அறிந்தோர் அருகியதால் எத்தனையோ நூல்கள் அலமாரிகளில் படிப்பாரின்றி உறங்குகின்றன. நம் ஆண்டு மலர்களின் பழைய கோப்புகளும் அந்நிலையை அடையலாகாது.

அவற்றை மாற்ற மென்பொருள்கள் உள்ளன. ஆயினும் அவை தவறுவதுண்டு. பழைய எழுத்துருக்கள் பலவற்றில் ஔகாரக் குறியின் பின்பகுதிக்கும் ‘ள’ எழுத்திற்கும் ஒரே வடிவம். அதனால் ‘மௌலவி’ என்னும் சொல் ‘மெளலவி’ என மாறிவிடும். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே போலத் தோன்றும். கணினிக்கோ அவை வெவ்வேறு சொற்கள். பின்னாளில் ஒருவர் ‘மௌலவி’ எனத் தேடினால் அக்கட்டுரை அவருக்குக் கிட்டாது. இப்பிழையைக் கண்டறியக் கருவியறிவு மட்டும் போதாது; தமிழறிவும் வேண்டும்.

நாம் செய்யத்தக்கது

நாகர்கோவிலை அடுத்த இடலாக்குடியில் 1874-இல் பிறந்த செய்குத்தம்பிப் பாவலர், 1907-இல் சென்னையில் சதாவதானம் நிகழ்த்திப் புகழ்பெற்றார். நூறு பொருள்களில் ஒருசேரக் கவனம் செலுத்திய புலவரை ஈன்ற மண் இது. ஓர் எழுத்தில் கவனம் செலுத்தும் பொறுமையேனும் நமக்கு வேண்டாவா?

தமிழ்த்துறை மாணவர் இருவர் மூவர் வாரம் ஓரிரு மணி நேரம் கணினி மையத்தில் அமர்ந்து, பழைய மலர்களின் கோப்புகளை ஒருங்குறிக்கு மாற்றி, அச்சுப்படியுடன் ஒப்புநோக்கித் திருத்தலாம். முன்னோர் நம்மிடம் விட்டுச் சென்ற எழுத்தும் அமானிதமே. அதனைப் பழுதின்றி அடுத்த தலைமுறையிடம் ஒப்படைப்போமாக!