நேத்து நல்லாத்தானே இருந்தான்!



சில மாதங்களுக்கு முன் ஒரு குழுக் கூட்டத்தில் ஒரு உறுப்பினர் உள்கடன் கேட்டார். அவருடைய ஐந்து வயது மகனுக்கு ஆட்டிசம். "முழுசா குணமாக்கிடுவேன்" என்ற ஒருவரின் பேச்சை நம்பி, முன்பே குழுவில் வாங்கிய 15,000 ரூபாயைக் கொடுத்திருந்தார். மருந்து சாப்பிட்ட மூன்று வாரமும் பையன் நன்றாகத் தூங்கினான், கூப்பிட்டால் திரும்பினான், "ம்மா, தண்ணி" என்று கேட்டான். நாலாவது வாரம் பழையபடி காதைப் பொத்திக்கொண்டு அலறல், சுவரில் தலையை முட்டுதல். "பத்தியம் தவறிட்டீங்க, இன்னொரு கோர்ஸ் எடுக்கணும்" என்றாராம் அந்த ஆள். அதற்குத்தான் இந்தக் கடன்.

அன்று பேசியதைத்தான் இந்த மாதப் பாடமாகத் தருகிறோம்.

ஆட்டிசம் என்பது மூளை வளர்ச்சியில் உள்ள ஒரு வேறுபாடு. சின்ன வயதிலேயே தெரியத் தொடங்கி, வாழ்நாள் முழுவதும் கூடவே இருக்கும். தாயின் வளர்ப்பாலோ தடுப்பூசியாலோ வருவதில்லை. முழுசா குணமாக்கும் மருந்து இன்றுவரை கிடையாது. பயிற்சி கொடுத்தால் பேச்சும் பழக்கமும் முன்னேறும், அது உண்மை.

அப்படியானால் ஒரு நாள் நல்லாவும் மறுநாள் மோசமாகவும் இருப்பது ஏன்? ஆட்டிசம் அப்படியேதான் இருக்கிறது. குழந்தை தாங்கவேண்டிய சுமைதான் நாளுக்கு நாள் மாறுகிறது. ராத்திரி சரியான தூக்கம் இல்லை. மூணு நாளாக வெளிக்குப் போகவில்லை. காது வலிக்கிறது, பல் வலிக்கிறது, ஆனால் சொல்லத் தெரியாது. கோயில் கொடையில் ரேடியோ செட் அலறுகிறது. வழக்கமாகப் போகும் தெருவை விட்டு வேறு தெரு வழியாக அழைத்துப் போகிறோம். நமக்கு இதெல்லாம் சின்ன விஷயம். பள்ளிக்கூடத்தில் பகல் முழுக்க அடக்கிக்கொண்டு இருந்துவிட்டு, வீட்டு வாசலை மிதித்ததும் வெடிக்கும் குழந்தைகளும் உண்டு. "ஸ்கூல்ல நல்லா இருக்கான், உன்கிட்டதான் இப்படிப் பண்றான்" என்று மாமியார் தாயைத்தான் குறை சொல்வார். காய்ச்சல் வந்தால் சில குழந்தைகள் அமைதியாகி முகம் பார்ப்பதும் உண்டு. மருத்துவ ஆய்வுகளிலேயே பதிவாகியிருக்கிறது. காய்ச்சல் போனதும் அதுவும் போய்விடும்.

நேற்று செய்ததை இன்று செய்யவில்லை என்றால் "திமிரு, நாலு போட்டா சரியாகும்" என்கிறார்கள். அடித்தால் சுமை இன்னும் கூடும். மோசமான நாளில் பேச்சைக் குறையுங்கள். புதிதாக எதையும் சொல்லித்தர வேண்டாம். சத்தமில்லாத மூலையில் சற்று நேரம் விட்டுவிடுங்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். மோசமான நாளில்தான் நாம் வைத்தியம் தேடி ஓடுகிறோம். அதற்கடுத்து நல்ல நாட்கள் தானாகவே வரும். யார் என்ன கொடுத்திருந்தாலும் பேர் அவருக்குப் போய்விடும். குணமாக்குகிறேன் என்று கடை விரிப்பவர்களின் பிழைப்பே இதில்தான் நடக்கிறது.

அந்த அக்காவுக்கு 40 பக்க நோட்டு ஒன்று வாங்கிக் கொடுத்தோம். தூக்கம், சாப்பாடு, மலம், சத்தம், அன்றைக்குப் புதிதாக நடந்தது என்று தினமும் நாலு வரி. அவருக்கு எழுத வராததால் மூத்த மகள் எழுதினாள். இரண்டு மாதத்தில் தெரிந்துவிட்டது: மலச்சிக்கல் வந்தால் அடுத்த நாள் தலையை முட்டுகிறான். மருந்து சாப்பிட்ட அந்த மூன்று வாரத்தைப் பற்றியும் விசாரித்தோம். அது மே மாத லீவு. பையன் பாட்டி ஊரில், சத்தமில்லாத வீட்டில் இருந்திருக்கிறான்!

எல்லாவற்றையும் "வரும், போகும்" என்று விட்டுவிடவும் கூடாது. பேசிக்கொண்டிருந்த வார்த்தைகள் வாரக்கணக்கில் திரும்பாமல் போனாலோ, திடீரென்று வெறித்துப் பார்த்தபடி கூப்பிட்டாலும் கேட்காமல் நின்றாலோ, கை கால் வெட்டி இழுத்தாலோ தாமதிக்காமல் டாக்டரிடம் போங்கள். ஆட்டிசம் உள்ள குழந்தைகளுக்கு வலிப்பு வருவது மற்றவர்களைவிட அதிகம்.

பரிசோதனைக்குப் போகும் நாள் பார்த்து குழந்தை சமர்த்தாக உட்கார்ந்திருக்கும், டாக்டர் நம்மைத்தான் ஒரு மாதிரி பார்ப்பார். அதனால் நோட்டையும், மோசமான நாளில் செல்போனில் எடுத்த வீடியோவையும் கையோடு கொண்டுபோங்கள். அரசு மருத்துவமனையில் இயங்கும் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்தில் கேளுங்கள். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் ஆட்டிசமும் இருக்கிறது, சான்றிதழ் கிடைக்கும். சான்றிதழ் இருந்தால் தேசிய அறக்கட்டளையின் நிராமயா காப்பீட்டில் சேரலாம். 1 லட்சம் ரூபாய் வரை, பயிற்சிச் செலவும் இதில் வரும்.

இரண்டாவது கடன் இல்லை என்று அன்று தீர்மானம் எழுதினார்கள். அந்த அக்கா அழுதார், எங்களுக்கும் மனசு கேட்கவில்லை. பழைய கடனில் இன்னும் ஆறு தவணை பாக்கி. மகன் மோசமாக இருக்கும் வாரம் அவரால் கூட்டத்துக்கு வர முடிவதில்லை. அந்த 10 ரூபாய் அபராதத்தை அவருக்கு மட்டும் தள்ளுபடி செய்யலாமா என்று குழுவில் பேச்சு நடந்துகொண்டிருக்கிறது. செய்யத்தான் வேண்டும் என்று நாங்கள் சொல்லியிருக்கிறோம்.