டயர் ஓரம் தேய்கிறதா?

வடகிழக்குப் பருவமழையில் பள்ளம் விழுந்த சாலைகளில் கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் போய்வரும் கார்களுக்கு, மழைக்காலம் முடிந்ததும் வீல் அலைன்மென்ட் பார்ப்பது நல்லது. "வண்டிதான் ஒரு பக்கம் இழுக்கவில்லையே" என்று சிலர் தள்ளிப்போடுவார்கள். ஆனால் டோ அளவு (மேலிருந்து பார்த்தால் சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் கோணம்) இரு முன்சக்கரங்களிலும் சமமாகப் பிசகினால் வண்டி நேராகவே ஓடும். ரப்பர் மட்டும் உரசி வீணாகும். எனவே தேய்மானத்தைப் பாருங்கள். குறுக்கே கையால் தடவும்போது ரம்பப்பல் போலத் தட்டுப்பட்டால் பெரும்பாலும் டோ பிசகு. ஒரு ஓரம் மட்டும் வழவழப்பாகத் தேய்ந்திருந்தால் கேம்பரை, அதாவது சக்கரம் உட்புறமோ வெளிப்புறமோ சாய்ந்திருக்கும் அளவை, சந்தேகிக்கலாம்.

சரிபார்க்கும் வரிசையும் முக்கியம்: முதலில் காற்றழுத்தம், பிறகு பால் ஜாயின்ட், புஷ் ஆகியவற்றின் ஆட்டம், அடுத்து காஸ்டர் (ஸ்டியரிங் அச்சின் முன்பின் சாய்வு), கேம்பர், கடைசியில் டோ. முந்தையவற்றை மாற்றினால் டோவும் மாறிவிடும். பல சிறிய கார்களில் டோவை மட்டுமே திருத்த முடியும். அவற்றில் கேம்பர் பிசகியிருந்தால் ஏதாவது பாகம் வளைந்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். சாலையில் ஓடும் காருக்குத் தயாரிப்பாளர் தந்த அளவே பாதுகாப்பு.