ஒரு நாள் ராமேஸ்வரம்: பர்ஸும் காலும் நோகாமல்!

டூர் வேனில் தலைக்கு இவ்வளவு என்று கட்டிவிட்டு, "பத்தே நிமிஷம், சீக்கிரம் ஏறுங்க" என்ற விரட்டலுக்கு நடுவே கடலைப் பார்ப்பானேன், தோழிகளே? மதுரையிலிருந்து சுமார் 170 கிலோமீட்டர்தான். மார்கழி, தையில் வெயிலும் தணிந்திருக்கும். விடியுமுன் கிளம்பினால் ராத்திரியே வீடு திரும்பிவிடலாம்.

1. முதலில் காலண்டரைப் பாருங்கள். மார்கழி முழுக்க ஐயப்ப பக்தர்கள் கூட்டம், தை அமாவாசைக்கோ அக்னி தீர்த்தக் கடற்கரையில் கால் வைக்க இடமிருக்காது. பொங்கல் விடுமுறை முடிந்து, அமாவாசையை ஒட்டாத ஒரு செவ்வாயோ புதனோ போனால் பாதி அலைச்சல் மிச்சம்.

2. டிசம்பரில் போவதென்றால் கிளம்பும் முன் வானிலைச் செய்தி கேளுங்கள். பாம்பனில் புயல் கூண்டு ஏற்றியிருந்தால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். காற்று பலமானால் ரயிலைப் பாலத்துக்கு முன்பே நிறுத்தி வைத்துவிடுவார்கள்.

3. ரயில்தான் மலிவு. 2025 ஏப்ரலில் புதிய பாம்பன் பாலம் திறந்த பிறகு ரயில் மறுபடியும் தீவுக்குள்ளேயே வருகிறது. காலையில் ரயிலில் போய்விட்டு மாலையில் பஸ்ஸில் திரும்பினால் இரண்டு பாலத்தையும் பார்த்த மாதிரி ஆச்சு. 1988-ல் திறந்த ரோட்டுப் பாலத்திலிருந்து ரயில் பாலம் முழுசாகத் தெரியும்.

4. இந்தப் பயணத்தின் சூட்சுமமே வரிசைதான். கோயில் நடை மதியம் 1 மணிக்குச் சாத்தி 3 மணிக்குத்தான் திறப்பார்கள். தனுஷ்கோடியிலோ இருட்டுமுன் எல்லோரையும் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அதனால் காலையில் தீர்த்தமும் தரிசனமும், நடை சாத்தும் நேரத்தில் தனுஷ்கோடி, திரும்பும் வழியில் மற்றதெல்லாம். இதைத் தலைகீழாகப் போட்டால் பூட்டிய வாசலில் இரண்டு மணி நேரம் உட்கார வேண்டியதுதான்.

5. தீர்த்தமாடப் பருத்தி உடை வேண்டாம். கோயிலின் 22 தீர்த்தத் தண்ணீரையும் குடித்துக் கனத்துப்போகும், மார்கழிக் குளிரில் சீக்கிரம் காயவும் காயாது. அடர்நிறத்தில் பழைய சிந்தெடிக் புடவையோ சுடிதாரோ நல்லது. புடவை முந்தானைக்கு இரண்டு சேஃப்டி பின் மறக்காதீர்கள்.

6. தீர்த்த டிக்கெட்டைக் கோயில் கவுன்டரிலேயே வாங்குங்கள். அந்த டிக்கெட்டுக்கே வாளியில் மொண்டு ஊற்ற ஆள் உண்டு; "தனியா ஊத்துறேன்" என்று வாசலில் வருபவரிடம் பேரம் பேசத் தேவையில்லை. பாதையெல்லாம் ஈரம், வழுக்கும். பெரியவர்களைக் கைப்பிடித்து மெதுவாக அழைத்துப் போங்கள்.

7. ஈரத் துணியோடு சன்னதிக்குள் விடமாட்டார்கள். மாற்று உடையை ஒவ்வொருவருக்கும் தனித்தனிப் பையில் போட்டு, பேரை ஒட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் உடை மாற்றும் இடத்தில் ஒரே மூட்டையைக் கிளறி, காய்ந்த துணியும் நனைந்துவிடும். வரும்போது அதே பையில் ஈரத் துணி.

8. கோயிலுக்குள் செல்போனுக்கு அனுமதியில்லை. எல்லாப் போனையும் ஒரே பையில் சேர்த்து ஒரே டோக்கனாகப் பாதுகாப்பறையில் கொடுங்கள். உள்ளே பிரிந்துவிட்டால் கூடுமிடம் எது என்று முன்பே பேசிக்கொள்ளுங்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட தூண்கள் நிற்கும் பிராகாரத்தில் ஆளைத் தேடுவது லேசல்ல.

9. தனுஷ்கோடிக்கு டவுன் பஸ் இருக்கிறது. எதுவரை போகும், திரும்பும் பஸ் எப்போது என்று கேட்டுக்கொண்டு ஏறுங்கள். நாலைந்து பேராக இருந்தால் ஆட்டோ கட்டுப்படியாகும். ஆனால் காத்திருக்கும் நேரத்தையும் சேர்த்துப் பேசி முடித்துவிடுங்கள்.

10. சொந்த வண்டியா? பெட்ரோலை ஊருக்குள்ளேயே போட்டுக்கொள்ளுங்கள். தனுஷ்கோடி ரோடு முடிகிற அரிச்சல்முனையில் தாரை விட்டு மணலில் இறக்காதீர்கள், சக்கரம் புதைந்தால் தள்ள ஆள் தேட வேண்டும். வீடு வந்ததும் நல்ல தண்ணீரில் வண்டியின் அடிப்பாகத்தையும் கழுவுங்கள், உப்புக்காற்று துருவேற்றிவிடும்.

11. தனுஷ்கோடியிலிருந்து திரும்பும் வழியில் கோதண்டராமர் கோயிலில் நிறுத்துங்கள். 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியையே துடைத்துப் போட்டபோதும் தாக்குப்பிடித்த கோயில் இது. ஜனவரி முதல் மார்ச் வரை பக்கத்து ஆழமில்லாத தண்ணீரில் பூநாரைகள் நிற்பதுண்டு. கூச்சல் போடாமல் தள்ளி நின்று பார்த்தால், நயா பைசா செலவில்லாத காட்சி!

12. வடக்கே அமைதியான 'பெண் கடல்', தெற்கே ஆர்ப்பரிக்கும் 'ஆண் கடல்' என்று சொல்வார்கள். வாடைக்காற்று மாதங்களில் இது மாறிவிடும். வடக்குப் பக்கம்தான் கொந்தளிக்கும். தெற்கு சாந்தமாக இருக்கிறதே என்று அரிச்சல்முனையில் இறங்கிக் குளிக்காதீர்கள், நீரோட்டம் பொல்லாதது. காலை நனைப்பதோடு சரி.

13. புளியோதரை, தயிர்சாதத்தை மூடி போட்ட டிபன் பாக்ஸிலேயே, ஆளுக்கொன்றாகக் கட்டுங்கள். பேப்பர் பிளேட் எல்லாம் வாடைக்காற்றில் சாதத்தோடு பறந்துவிடும். ஓலைக் கொட்டகைக் கடையில் வறுத்த மீன் சாப்பிட ஆசையா? மீனைக் காட்டி விலையைக் கேட்ட பிறகே எண்ணெயில் போடச் சொல்லுங்கள்.

14. குழந்தைகள் காலில் ஒட்டிய மணலுக்குத் தண்ணீரை வீணாக்காதீர்கள். கொஞ்சம் முகப்பவுடர் தூவித் தேய்த்தால் பொலபொலவென்று உதிர்ந்துவிடும். மூக்குக்கண்ணாடியில் படியும் உப்பை மட்டும் துணியால் தேய்க்காமல், தண்ணீரில் அலசிவிட்டுத் துடையுங்கள், கீறல் விழாது.

15. அரிச்சல்முனையில் போனுக்கு இலங்கை சிக்னல் வந்து தொலைக்கும். ரோமிங்கை அணைத்துவிடுங்கள்.

16. நேரம் மிச்சமிருந்தால் பேய்க்கரும்பில் அப்துல் கலாம் நினைவிடம், நுழைவுக் கட்டணம் கிடையாது. ஊரைவிட்டு வெளியேறும் வழியிலேயே இருப்பதால் தனியாகச் சுற்ற வேண்டாம்.

17. சங்கு, சோழி வாங்கும் ஆசையைக் கொஞ்சம் அடக்குங்கள். பவளப்பாறைத் துண்டும் சிலவகைச் சங்கும் 1972-ம் ஆண்டு வனவிலங்குச் சட்டப்படி வாங்குவதும் விற்பதும் குற்றம். அதே காசுக்குப் பனையோலைக் கொட்டான் வாங்கினால் வெங்காயம், பூண்டு போட்டு வைக்க வருஷக்கணக்கில் உழைக்கும்.

18. தை மாதம் பனங்கிழங்கு சீசன், ரோட்டோரத்தில் கட்டுக்கட்டாகக் கிடைக்கும். கூடவே நாலு கட்டு வாங்குங்கள். மஞ்சள், உப்புப் போட்டு அவித்து, சாப்பிட்டது போக மீந்ததின் நடுநரம்பை எடுத்துவிட்டுச் சீவி வெயிலில் காயவைத்து மாவாக்குங்கள். தேங்காய்த்துருவலும் கருப்பட்டியும் பிசைந்து கொடுத்தால் பிள்ளைகளுக்குச் சாயங்கால டிபன் ரெடி!