இணைய வேகம் குறைந்தால் வீட்டுக் கம்பியையும் பாருங்கள்

தொலைபேசிக் கம்பி வழியே இணையம் வருவது எப்படி என்று தெரிந்துகொண்டால், அதன் வேகம் குறையும்போது பழுது எங்கே என்பதை நாமே கண்டறியலாம்.

பி.எஸ்.என்.எல். நிறுவனம் 2005 ஜனவரியில் தொடங்கிய பிராட்பேண்ட் சேவை ஏ.டி.எஸ்.எல். முறையைச் சார்ந்தது. ஒரே கம்பியில் பேச்சு 4 கிலோஹெர்ட்சுக்குள் செல்லும். இணையம் சுமார் 25 கிலோஹெர்ட்சில் தொடங்கி, ஏ.டி.எஸ்.எல். 2+ முறையில் 2.2 மெகாஹெர்ட்ஸ் வரை செல்லும். ஆகவே பேச்சுக்குப் போதுமான கம்பி இணையத்துக்கும் போதும் என்று சொல்ல முடியாது.

ரிச்சர்ட்ஸ் டவுனில் நாங்கள் குடியிருந்த பழைய வீட்டில் 2009-இல் இதை நேரில் கண்டேன். பேச்சு தெளிவாகக் கேட்டது. இணையமோ ஊர்ந்தது, மழை நாளில் அறுந்தது. மகளின் கல்லூரி விண்ணப்பத்துக்கு இறுதி நாள் நெருங்கியது. கூடுதல் கட்டணத் திட்டத்துக்கு மாறும்படி பலரும் கூறினர். படுக்கையிலிருந்த என் தாயாருக்கோ தொலைபேசி இல்லாமல் முடியாது.

அதற்குமுன் ஒரு சோதனை செய்தேன். வெளியிலிருந்து கம்பி நுழையும் முதல் ரோசெட் பெட்டியில் உள்வீட்டுக் கம்பிகள் அனைத்தையும் கழற்றிவிட்டு, மோடத்தை அங்கேயே இணைத்தேன். வேகம் உடனே உயர்ந்தது. உயராமலிருந்தால் பழுது வெளியே என்று புகார் செய்திருக்கலாம்.

வீட்டுக்குள் மூன்று குறைகள் இருந்தன.

1. மாடிக்குச் சென்ற, பயன்படாத கிளைக் கம்பி. திறந்த முனையில் மோதித் திரும்பும் அலை மூல அலையைக் குலைக்கும். 25 மீட்டர் கிளை ஏறத்தாழ 2 மெகாஹெர்ட்ஸ் அலையை நலியச் செய்யும்.

2. முறுக்கில்லாத தட்டைக் கம்பி. முறுக்கிய இணைக் கம்பியே வெளி இரைச்சலைத் தவிர்க்கும்.

3. களிம்பேறிய இணைப்புகள். ஈரம் பட்டால் இவை மேலும் கெடும்.

பரிகாரம் எளிது. முதல் பெட்டியிலேயே ஸ்ப்ளிட்டரைப் பொருத்தி, மோடத்துக்குத் தனியே ஒரு முறுக்குக் கம்பி இழுத்தோம். தாயார் அறைக்குரிய தொலைபேசியை ஸ்ப்ளிட்டரின் பேச்சு முனையில் இணைத்தோம். மாடிக் கிளையை அகற்றினோம். திட்டத்தை மாற்றாமலே வேகம் கிடைத்தது. விண்ணப்பமும் உரிய நாளுக்குள் சென்றது.

இன்று பல வீடுகளில் கண்ணாடி இழை வந்துவிட்டது. அங்கும் சோதனை முறை இதுவே: இணைப்பு நுழையும் பெட்டியருகே முதலில் வேகத்தை அளந்து, பிறகு அறை அறையாகச் சென்று பாருங்கள். எங்கே குறைகிறதோ, அங்கே பழுது. கூடுதல் கட்டணம் கட்டுவது அதற்குப் பிறகு யோசிக்க வேண்டியது.