கொசுப் புழு எங்கே சாப்பிடுகிறது?

தேங்கிய நீரில் நெளிந்து நெளிந்து நீந்தும் கொசுப் புழுக்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அவை நீந்துவது நம் கண்ணில் படுகிறது; தின்பதை நாம் கவனிப்பதில்லை. ஆனால் புழு எதை, எங்கே, எப்படித் தின்கிறது என்று அறிந்தால்தான் கொசுவைச் சரியாக ஒழிக்க முடியும். எப்படி என்று பார்ப்போமா?

வாயில் இரு தூரிகைகள்

புழுவின் வாயருகே மயிர்க்கற்றைகளால் ஆன இரண்டு தூரிகைகள் உள்ளன. புழு இவற்றை விரித்து விரித்து மடக்கும். அதனால் நீரில் சிறு ஓட்டம் உண்டாகிறது. நுண்ணுயிர்கள், பாசித் துணுக்குகள், மக்கிய இலைத்துகள் ஆகியவை அந்த ஓட்டத்தோடு வாய்க்கு வந்து சேருகின்றன.

இங்கே ஓர் இயற்பியல் உண்மை உண்டு. தொட்டி நீரை நீங்கள் கையால் கலக்கினால், கையை எடுத்த பிறகும் நீர் சற்று நேரம் சுழலும். மயிரிழை அளவில் அப்படி நடப்பதில்லை. உருவம் சிறுக்கச் சிறுக்க, நீரின் பாகுநிலையே மேலோங்குகிறது. நமக்குத் தேன் எப்படியோ, அந்த இழைக்கு நீர் அப்படி! வீச்சு நின்றால் ஓட்டமும் ஏறக்குறைய உடனே நின்றுவிடும். ஆகவே பசி தீரும்வரை தூரிகைகள் அசைந்துகொண்டே இருக்க வேண்டும்.

மூன்று இனம், மூன்று இடம்

மலேரியாவைப் பரப்பும் அனாபிலஸ் இனத்தின் புழுவுக்கு நீண்ட மூச்சுக்குழல் கிடையாது. அது நீர்ப்பரப்புக்கு இணையாகப் படுத்திருக்கும். தலையை மட்டும் 180 டிகிரி திருப்பி, மேலே மிதக்கும் உணவைத் தின்னும். சென்னையில் கிணறுகளிலும் மேல்நிலைத் தொட்டிகளிலும் வளரும் அனாபிலஸ் ஸ்டீபென்சி இவ்வகை. அந்தமான், நிக்கோபார் கடற்கரையோர உவர்நீர்க் குட்டைகளில் வளரும் அனாபிலஸ் சுண்டைக்கஸும் இவ்வகையே.

யானைக்கால் நோயைப் பரப்பும் க்யூலெக்ஸ், சாக்கடை நீரில் தலைகீழாகத் தொங்கும். அதன் மூச்சுக்குழலின் முனை நீர் ஒட்டாதது. பரப்பு இழுவிசை அதைத் தாங்கிக்கொள்கிறது. தலை கீழே இருப்பதால், பரப்புக்குக் கீழுள்ள உணவையே அது தின்கிறது.

டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் புழு, பாத்திரத்தின் அடியிலும் சுவரிலும் படிந்ததைச் சுரண்டித் தின்னும்.

உணவே பொறி

1920களில் பாரிஸ் பச்சை என்னும் நச்சுத்தூளை நீரின்மேல் தூவினார்கள். தூள் மிதந்தது. மேற்பரப்பில் மேயும் அனாபிலஸ் அதைத் தின்று மடிந்தது. கீழே மேயும் க்யூலெக்ஸ் பெரும்பாலும் தப்பியது!

1976இல் இஸ்ரேலின் நெகேவ் பாலைவனத்தில் ஒரு பாக்டீரியா கண்டுபிடிக்கப்பட்டது. பெயர் பாசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் இஸ்ரேலென்சிஸ். அது உண்டாக்கும் புரதப் படிகத்தைப் புழு விழுங்கினால், குடலின் காரத்தன்மையில் படிகம் கரைந்து நஞ்சாகி, குடல் செல்களைச் சிதைக்கும். தின்றால்தான் பலன். ஒன்றும் தின்னாத கூட்டுப்புழுவை அது கொல்வதில்லை. மருந்து அடியில் படிந்துவிட்டால், மேலே மேயும் அனாபிலஸுக்கும் எட்டாது. புழு மேயும் இடத்தில் மருந்து இருக்க வேண்டும்.

செய்து பாருங்கள்

தேங்காய்ச் சிரட்டையிலோ பழைய டயரிலோ புழு இருந்தால், அந்நீரை ஒரு கண்ணாடிப் பாத்திரத்தில் ஊற்றி, வாயைத் துணியால் இறுகக் கட்டுங்கள். புழு எங்கே நிற்கிறது, எங்கே மேய்கிறது என்று அரைமணி நேரம் பாருங்கள். பிறகு நீரை வெயில் படும் உலர்ந்த தரையில் கொட்டிவிடுங்கள்.

வீட்டுத் தொட்டியை வாரம் ஒருமுறை காலி செய்வதோடு, உட்சுவரையும் தேய்த்துக் கழுவ வேண்டும். ஏடிஸின் முட்டை ஒட்டியிருப்பதும், புழுவுக்கு உணவு படிந்திருப்பதும் அங்கேதான்.

நீங்கள் பார்த்த புழு எந்த இனம்? அது நின்ற நிலையை வைத்தே சொல்லுங்கள் பார்ப்போம்!