கூரையும் தளமும்

மும்பையின் மாட்டுங்கா தமிழரோடு நெடுநாள் உறவுடைய பகுதி. 1896ஆம் ஆண்டில் அந்நகரைத் தாக்கிய பிளேக் நோய், காற்றும் வெளிச்சமும் புகாத நெரிசலான குடியிருப்புகளில் விரைந்து பரவியது. அதன்பின் 1898இல் தோன்றிய நகர மேம்பாட்டு அமைப்பு, நகரின் வடபுறத்தில் அகன்ற தெருக்களும் பூங்காக்களும் அமையத் திட்டமிட்டது. தாதரும் மாட்டுங்காவும் அவ்வாறு வளர்ந்தவை. அலுவலகங்களில் எழுத்தர் பணி பெற்றுச் சென்ற தமிழ்க் குடும்பங்கள் பல மாட்டுங்காவில் குடியேறின.

அந்நாளில் மும்பைத் தொழிலாளர் பலர் வாழ்ந்த ‘சால்’ எனப்படும் கட்டடங்களில் ஒரு குடும்பத்திற்குப் பெரும்பாலும் ஓர் அறையே உண்டு. கழிப்பறை தாழ்வாரத்தின் கோடியில், பலர்க்கும் பொதுவாக இருக்கும். மாட்டுங்காவில் எழுந்த மாடி வீடுகளிலோ சமையலறை, குளியலறை, கழிப்பறை ஆகிய மூன்றும் வீட்டுக் கதவுக்கு உள்ளேயே அமைந்தன. இன்று எவரும் பொருட்படுத்தாத இவ்வசதி அன்று பெரும் புதுமை. படுக்கையறை, கூடம், சமையலறை ஆகியவை ஒவ்வொன்று மட்டும் கொண்ட சிறு வீட்டை இக்காலத்தில் ‘ஒன் பி.எச்.கே.’ என்கின்றனர். மாட்டுங்கா போன்ற வசதியான பகுதியில் அச்சிறு வீட்டின் விலையே கோடி ரூபாயைத் தாண்டும்.

ஆனால், அத்தகைய வீட்டை வாங்கியவரின் கையில் உள்ள பங்குச் சான்றிதழைப் பார்ப்பவர் வியப்படைவர். பல கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கங்களில் அச்சான்றிதழ், தலா 50 ரூபாய் மதிப்புள்ள பத்துப் பங்குகளுக்கு உரியது. மொத்தம் 500 ரூபாய்! கோடி ரூபாய் வீட்டுக்கு ஐந்நூறு ரூபாய்ச் சான்றிதழா?

இந்தியாவில் 1904இல் இயற்றப்பட்ட கூட்டுறவுச் சட்டம் கடன் சங்கங்களுக்கு மட்டுமே இடமளித்தது. 1912ஆம் ஆண்டுச் சட்டம் பிறவகைச் சங்கங்களுக்கும் வழி திறந்தது. மூன்றே ஆண்டுகளில், 1915இல், மும்பையின் காம்தேவியில் சாரஸ்வத் கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கம் தோன்றியது. (கூட்டுறவில் தமிழகமும் பின்தங்கியிருக்கவில்லை. சென்னைத் திருவல்லிக்கேணியின் கூட்டுறவுப் பண்டகசாலை 1904இலேயே தொடங்கிவிட்டது.) இவ்வகை வீட்டுவசதிச் சங்கத்தில் நிலமும் கட்டடமும் சங்கத்தின் உடைமை. உறுப்பினருக்கு உரியவை சங்கத்தில் ஒரு பங்கும், குறிப்பிட்ட ஒரு வீட்டில் வாழும் உரிமையும் ஆகும். வீடு பெரிதாயினும் சிறிதாயினும் ஓர் உறுப்பினருக்கு ஒரே வாக்கு.

தாளில் எழுதப்பட்ட இவ்வுறவு, வீட்டைப் புதுப்பிக்கும்போதுதான் கண்ணுக்குத் தெரியும். எடுத்துக்காட்டாக, ஒரு குடும்பம் மாட்டுங்காவில் பழைய கட்டடம் ஒன்றின் மூன்றாம் மாடியில் ஒரு படுக்கையறை வீட்டை வாங்குகிறது என்று கொள்வோம். கூடத்திற்கும் படுக்கையறைக்கும் இடையிலுள்ள சுவரை இடித்துக் கூடத்தை அகலப்படுத்துதல், குளியலறையைச் சாலைப்பக்கத்து மூலைக்கு மாற்றுதல், பழைய தரையின்மேலேயே பளபளக்கும் கருங்கற்பலகை பதித்தல் ஆகிய மூன்றும் அவர்களின் விருப்பம்.

“நம் வீட்டுச் சுவர்தானே அப்பா! இதற்கும் சங்கத்தின் அனுமதி வேண்டுமா?” என்று மகள் கேட்கிறாள்.

அச்சுவர் எத்தகையது என்பதைப் பொறுத்தது விடை. தூண்களும் விட்டங்களும் சுமையைத் தாங்கும் கட்டடத்தில், அறைகளைப் பிரிக்கும் சுவர் வெறும் தடுப்பாக இருக்கலாம். செங்கற்சுவர்களே சுமையைத் தாங்கும் பழைய கட்டடத்திலோ, அதே சுவர்மேல் நான்காம் மாடியும் மொட்டைமாடியும் அமர்ந்திருக்கலாம். பூச்சுக்குள் மறைந்திருப்பதை வெளியிலிருந்து பார்த்துக் கூற இயலாது. கட்டமைப்புப் பொறியாளர் ஆய்ந்து கூறவேண்டும்.

2017 ஜூலை 25 அன்று மும்பையின் காட்கோபர் பகுதியில் நான்கு மாடிக் குடியிருப்பு ஒன்று இடிந்து விழுந்தது. பதினேழு பேர் உயிரிழந்தனர். தரைத்தளத்தில் நடந்த மாற்றப் பணிகளின்போது தூண்கள் சிதைக்கப்பட்டன என்று குற்றம் சாட்டப்பட்டது. மேல்மாடிகளில் இருந்தவர்கள் எந்தச் சுவரையும் தொட்டவர்கள் அல்லர்.

கருங்கல்லின் எடையையும் கணக்கிடலாம். 2 செ.மீ. தடிமனுள்ள கருங்கற்பலகை, ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 54 கிலோ எடையுள்ளது. 30 சதுர மீட்டர் தரைக்கு 1,620 கிலோ ஆகும். அதன் அடியில் பரப்பும் சாந்தின் எடை தனி. ஒரு சிறிய காரைவிட மிகுந்த சுமையைப் பழைய தளத்தின்மேல் நிலையாக ஏற்றிவைப்பதற்கு இது நிகராகும்.

குளியலறையை மாற்றும் திட்டத்திற்குத் தடை இரண்டாம் மாடியிலிருந்து வருகிறது. புதிய குளியலறைக்காகக் குறித்த மூலைக்கு நேர்கீழே, கீழ்வீட்டுப் பாட்டியின் பூசையறை உள்ளது. இன்றில்லாவிடினும் சில ஆண்டுகளில் குழாய் கசியும். கசிவு முதலில் தெரிவது கசியும் வீட்டில் அன்று, கீழ்வீட்டின் கூரையில்தான். மேல்வீட்டுக் குளியலறைக் கசிவைச் சரிசெய்வது அவ்வீட்டாரின் பொறுப்பு. மொட்டைமாடியிலிருந்து இறங்கும் மழைநீர்க் கசிவு சங்கத்தின் பொறுப்பு. பல சங்கங்களில் நீண்ட பூசல்கள் பிறப்பது இவ்விரண்டையும் பிரித்தறியும் இடத்திலேயே.

இவ்வழக்கம் மும்பைக்கு மட்டும் உரியதன்று. நியூயார்க் நகரில் ‘கோ-ஆப்’ எனப்படும் அடுக்ககங்களிலும் வாங்குவோர் பெறுவது பங்குகளையே. அங்கே வீட்டின் அளவுக்கும் மாடிக்கும் ஏற்பப் பங்குகளின் எண்ணிக்கை வேறுபடும். புதியவரை நேரில் அழைத்துப் பேசியபின் குழுவினர் ஏற்கலாம். காரணம் கூறாமல் மறுக்கவும் செய்யலாம். புதுப்பிக்கும் முன் ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டும். ஒரு வீட்டின் குளியலறையோ சமையலறையோ மற்றொருவரின் படுக்கையறைக்கு மேலே வருவதை அங்கும் பல கட்டடங்கள் ஏற்பதில்லை.

விதிகளைக் கெடுபிடி என்று சலிப்போர் உண்டு. சில இடங்களில் அச்சலிப்பு நியாயமானதே. புறா வலை கட்டுவதற்கும் மூன்று கடிதம் கேட்கும் செயலாளர்கள் உளர். எனினும், தூணுக்கும் நீர்க்குழாய்க்கும் உரிய விதிகளை அவ்வரிசையில் சேர்த்தல் தகாது.

அக்குடும்பத்தார் வரைபடத்துடன் சங்கத்திற்குக் கடிதம் எழுதினர். பொறியாளர் சுவரை ஆய்ந்து, அது தாங்குசுவர் என்றார், சுவர் நின்றது. கூடம் அகலவில்லை என்பதில் மகளுக்குச் சிறிது வருத்தமே. பழைய தரைக்கற்களைப் பெயர்த்தெடுத்தபின் எடை குறைந்த ஓடுகள் வாங்கப்பட்டன. குளியலறை பழைய இடத்திலேயே புதுப்பிக்கப்பட்டது. நீர் புகாப் பூச்சு உலர்ந்ததும் தரையில் இரண்டு நாள் நீரைத் தேக்கினர். பின்பு தந்தையும் மகளும் கீழே சென்று, பாட்டியுடன் நின்று கூரையை அண்ணாந்து பார்த்தனர். ஈரம் எங்கும் இல்லை. மறுநாள் கொத்தனார் ஓடு பதிக்கத் தொடங்கினார்.

அருஞ்சொற்பொருள்
தாழ்வாரம் – அறைகளின் முன்னுள்ள நீண்ட நடைவழி
பண்டகசாலை – பொருள்களைச் சேமித்து விற்கும் இடம்
விட்டம் – தூண்களின் குறுக்கே அமைந்து சுமை தாங்குவது
தாங்குசுவர் – மேல்தளத்தின் சுமையைத் தாங்கும் சுவர்
அண்ணாந்து – தலையை மேலே உயர்த்தி

பயிற்சி
1. பங்குச் சான்றிதழில் 500 ரூபாய் என்று மட்டும் இருப்பது ஏன்? இரண்டு தொடர்களில் எழுதுக.
2. 25 சதுர மீட்டர் தரைக்கு இதே கருங்கற்பலகை பதித்தால் எடை எவ்வளவு ஆகும்?
3. பிரித்தெழுதுக: ஓரறை, அவ்வீடு, நீர்க்குழாய்.
4. உங்கள் வீட்டுக் கூரையில் கசிவு ஏற்பட்டுள்ளது. மேல்வீட்டார்க்கு மரியாதையுடன் ஒரு கடிதம் எழுதுக.